வன்பொருள் மாற்றத்துக்குப் பின் வரும் கணினி முடக்கமும் கோப்புச் சிதைவும்

ரேம், பிராசசர், மதர்போர்டு, எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைப் புதிதாகப் பொருத்திய சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கணினி நீலத்திரை காட்டி நின்றுவிடுவது உண்டு. தானாகவே அணைந்து மறுபடி தொடங்கும். விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளே சிதைந்திருப்பதாக அறிவிக்கும். கோப்புச் சிதைவு கண்ணெதிரே தெரிகிறது, அதைச் சரிசெய்ய ஆயத்தக் கட்டளைகளும் இருக்கின்றன. ஆகவே பெரும்பாலோர் அங்கிருந்தே வேலையைத் தொடங்குகிறார்கள். அது தலைகீழான வரிசை. வன்பொருள் மாற்றத்தை ஒட்டி வரும் கோப்புச் சிதைவு பெரும்பாலும் விளைவுதான். காரணம் ரேமிலோ, பிராசசரிலோ, மின்வழங்கலிலோ இருக்கும். காரணம் நீங்காதிருக்கையில் கோப்புகளைச் செப்பனிட முனைந்தால், செப்பனிடும் நிரலும் அதே பழுதான ரேமில்தான் ஓடும். நல்ல கோப்பின் மேல் கெட்ட நகலை எழுதிவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

சிதைவு நேரும் விதம்

டிஸ்கில் உள்ள கோப்பு முதலில் ரேமுக்கு வருகிறது. விண்டோஸ் அதை அங்கேயே வைத்துக்கொண்டு கையாள்கிறது. மாற்றம் ஏதும் இருந்தால் பிறகு டிஸ்கில் எழுதுகிறது. இந்த இடைவெளியில் ஒரே ஒரு பிட் புரண்டால் போதும். 65 என்ற எண் இரும முறையில் 01000001. அதன் நடுவே ஒரு பூச்சியம் ஒன்றாகி 01010001 ஆனால் அது 81 ஆகிவிடும். அந்த எண் ஓர் எழுத்தைக் குறித்தால் ஆங்கில ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கியூ’ வரும், பெரிய சேதமில்லை. நினைவக முகவரியின் பகுதியாக இருந்தால், நிரல் இல்லாத இடத்தைத் தேடிப் போய் நீலத்திரையில் முடியும். கோப்பு அமைப்பின் அட்டவணையில் இருந்தால் ஒரு கோப்புறையே காணாமல் போகலாம்.

டிஸ்கைக் குறை சொல்ல இங்கு இடமில்லை. தனக்கு வந்த தவறான தரவை அது பிழையின்றிப் பதிந்துகொள்கிறது. அதன் பிழைகாணும் குறியீடும் அந்தத் தவறான தரவின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. எனவே டிஸ்கின் நலத்தைச் சோதிக்கும் மென்பொருள்கள் எல்லாம் சரியாக இருப்பதாகவே சொல்லும். சிதைவு மிகுதியாக நேர்வது அதிகம் எழுதும் வேளைகளில். விண்டோஸ் அப்டேட் பல்லாயிரம் கோப்புகளை விரித்து, ஒப்பிட்டு, மாற்றி எழுதுகிறது. பழி அப்டேட்டின் மேல் விழுவதும் இதனால்தான். ரெஜிஸ்ட்ரியோ ஓயாமல் ரேமில் இருந்து, ஓயாமல் டிஸ்குக்குத் திரும்பும் கோப்புத் தொகுதி. விண்டோஸ் 10-இன் 1803-ஆம் பதிப்பு முதல் அதன் தானியங்கிக் காப்பு நகல் இயல்பாக எடுக்கப்படுவதில்லை. ஆகவே அங்கு நேரும் சேதத்தை மீட்பது முன்பைவிடக் கடினமாகிவிட்டது.

ரேம் பிழை அபூர்வமானது என்ற எண்ணம் தவறு. கூகுள் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கும் மேலான ரேம் பட்டைகளில் பிழை தென்பட்டதாகக் கண்டது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு சுமார் 10 லட்சம் வீட்டுக் கணினிகளைப் பற்றியது. வன்பொருள் பிழையால் ஒருமுறை முடங்கிய கணினி மறுமுறை முடங்கும் வாய்ப்பு, முதல்முறை முடங்கும் வாய்ப்பைவிட நூறு மடங்குவரை உயர்ந்திருந்ததை அது காட்டியது. ‘ஏதோ ஒருமுறை ஆனது, போகட்டும்’ என்று விடுவதற்கு அந்த எண்ணிக்கை இடம் தரவில்லை. சர்வர்களில் உள்ள ஈசிசி ரேம் ஒற்றைப் பிட் பிழையைத் தானே திருத்தும். வீட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் இல்லை. டிடிஆர்5 சில்லுகளுக்குள் ஒரு திருத்த முறை இருந்தாலும், சில்லுக்கும் பிராசசருக்கும் இடைப்பட்ட வழியில் நேரும் பிழையை அது கவனிப்பதில்லை.

மேம்படுத்தும்போது பிழை நுழையும் வழிகள்

புதிய ரேம் பட்டை பழுதாகவே வரலாம். அதைவிட அதிகம் நேர்வது, தனித்தனியே நல்ல பட்டைகள் சேர்ந்து ஒத்துப்போகாமை. ஏற்கெனவே இருந்த இரண்டோடு இன்னும் இரண்டு வாங்கிப் போடுவது இதன் வழக்கமான தொடக்கம். ஒரே நிறுவனம், ஒரே வேகம் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் உள்ளே சில்லுகள் வேறாக இருக்கலாம். நான்கு பட்டைகளை இயக்குவது பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குக் கூடுதல் சுமையும் ஆகும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை இரண்டு பட்டைகளுக்கு 5200 வேகத்தை ஏற்கிறது. நான்கு போட்டால் அதிகாரபூர்வ வேகம் 3600-க்கு இறங்குகிறது. உறையில் 6000 என்று இருப்பதை நம்பி நான்கையும் அதே வேகத்தில் ஓட்டினால் பிழை வருவதில் வியப்பில்லை.

அந்த 6000 என்பது எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பின் வேகம். இன்டெலின் எக்ஸ்எம்பி 2007-இலும் ஏஎம்டியின் எக்ஸ்போ 2022-இலும் வந்தவை. இரண்டும் ஜெடெக் தர அமைப்பு வகுத்த இயல்பு நிலையைத் தாண்டி ரேமை ஓட்டுகின்றன. டிடிஆர்4-க்கு இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் அது பெரும்பாலும் 1.35 ஆகிறது. விற்பனையாளர் தரும் ஆயத்த அமைப்பு என்றாலும் இது ஓவர்கிளாக்கிங்தான். ஒரு போர்டில் நிலையாக ஓடும் அமைப்பு இன்னொன்றில் ஓட வேண்டும் என்ற கட்டாயமில்லை.

பிராசசர் மாற்றத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை கோர் பிராசசர்களில் நேர்ந்த குறை. அவற்றின் உயர்நிலை மாதிரிகளை வாங்கிப் போட்டவர்கள் விளையாட்டுகளைத் தொடங்கும்போது ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்ற பிழையைக் கண்டார்கள். கிராஃபிக்ஸ் கார்டில் நினைவகம் தாராளமாக இருந்தது. உண்மையில், சுருக்கிவைத்த கோப்புகளை விரிக்கும் கணக்கைப் பிராசசர் தவறாகச் செய்துகொண்டிருந்தது. விரித்த தரவு ஒத்துவராததால் நிரல் நின்றது. பலர் கிராஃபிக்ஸ் டிரைவரையும் விளையாட்டையும் விண்டோஸையும் திரும்பத் திரும்ப நிறுவிப் பார்த்தார்கள். பிராசசர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுப் பெறுவதை 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தத்தை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே சேதமான பிராசசரை அந்தத் திருத்தம் மீட்காது. அதை மாற்றியே ஆக வேண்டும். சிதைந்த கோப்பு என்று திரையில் வரும் செய்தி எவ்வளவு தூரம் திசை திருப்பக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எஸ்எம்பிஎஸ் போதாமையின் அடையாளம் வேறு. நீலத்திரை இல்லாமல், எச்சரிக்கை இல்லாமல் கணினி சட்டென்று அணையும். ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு மட்டும் இருக்கும். அந்தப் பதிவு கணினி முறைப்படி நிறுத்தப்படவில்லை என்பதைத்தான் சொல்கிறது; காரணத்தைச் சொல்வதில்லை. இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகள் கண நேரத்துக்குத் தம் இயல்பான அளவைவிட வெகு அதிகமாக மின்சாரம் இழுக்கும். இதற்காகவே 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், மிகக் குறுகிய நேரத்துக்கு இரு மடங்குச் சுமையையும் தாங்க வேண்டும் என்று விதித்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்பு பாதியில் நிற்கும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிடக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் கம்பிகளின் வரிசைக்குப் பொதுத்தரம் இல்லை. செருகு பொருந்தினாலும் மின்னழுத்தம் இடம் மாறிப் போய் டிஸ்குகள் ஒரே நொடியில் கருகிவிடக்கூடும்.

விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் குழப்பம் தரும். ‘ஷட்டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸின் மையப்பகுதி டிஸ்கில் உறக்க நிலையில் சேமிக்கப்படுகிறது. அந்த நிலையில் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எழுதினால் கோப்பு அமைப்பு முரண்படும். பாகங்களை மாற்றும் முன் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் கணினி முழுமையாக அணையும்.

நீலத்திரையை வாசித்தல்

நீலத்திரையின் பெயர் ஒன்றே தீர்ப்பாகாது. பல திரைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று ‘மெமரி மேனேஜ்மென்ட்’, நாளை ‘பேஜ் ஃபால்ட்’, மறுநாள் வேறொரு டிரைவரின் பெயர் என்று மாறி மாறி வந்தால் ரேமையே முதலில் ஐயுற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் அந்த டிரைவரைப் பார்க்கலாம். ‘வீயா அன்கரெக்டபிள் எரர்’ என்பது வன்பொருளே தன் பிழையை அறிவிப்பது. பிராசசர், மின்னழுத்தம், விரிவாக்க ஸ்லாட்டுகள் ஆகியவற்றைச் சுட்டும். ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ பெரும்பாலும் பழுதே அல்ல. பயாஸ் புதுப்பித்தபோதோ சீமாஸ் பேட்டரியைக் கழற்றியபோதோ டிஸ்க் இயங்கும் முறை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாறியிருக்கும். பழையபடி மாற்றினால் விண்டோஸ் ஏறிவிடும்.

சோதனையின் வரிசை

முதல் வேலை, மாற்றியதைத் திரும்ப மாற்றுவது. பழைய பாகத்தைப் போட்டதும் கோளாறு நின்றால் பாதித் தேடல் முடிந்தது. அது இயலாதபோது பயாஸில் எக்ஸ்எம்பியையும் மற்ற ஓவர்கிளாக்கிங்கையும் நீக்கி இயல்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ரேமைக் கழற்றி மறுபடி பொருத்துதல்: பட்டை முழுதும் இறங்கியதும் பக்கக் கொக்கி ‘கிளிக்’ என்று தானே மூட வேண்டும். ஒரு முனை மட்டும் இறங்கி மறுமுனை மயிரிழை தூக்கி நின்றாலும் கணினி சில வேளை தொடங்கிவிடும், பிழைகளோடு ஓடும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் இரண்டு பட்டைகளுக்கு உரிய இடம் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். டிடிஆர்5 பொருத்திய பின் முதல்முறை கணினி பல நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கலாம். அது பிராசசர் ரேமோடு ஒத்திசைவு தேடும் நேரம். பழுதென்று எண்ணி அணைத்துவிடக் கூடாது.

அடுத்தது மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ். இவை பென் டிரைவிலிருந்து விண்டோஸ் இல்லாமலே ஓடுவதால், டிஸ்கில் எதையும் கெடுக்காமல் ரேமைச் சோதிக்கின்றன. ஓர் இரவு முழுதும் ஓட விடுவது நல்லது. ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை பூச்சியம் மட்டுமே. பிழை வந்தால் பட்டைகளை ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும். பிழை பட்டையோடு நகர்ந்தால் பட்டை பழுது. எந்தப் பட்டை போட்டாலும் அதே ஸ்லாட்டில் வந்தால் போர்டையோ பிராசசரையோ பார்க்க வேண்டும். தனித்தனியே எல்லாம் தேறி, சேர்த்துப் போடும்போது மட்டும் பிழை வந்தால், மேலே சொன்ன ஒத்துப்போகாமைதான். மெம்டெஸ்டில் தேறிய ரேம் சூடேறிய கணினியில் தவறுவதும் உண்டு. ஆகவே பிரைம்95 அல்லது ஓசிசிடி கொண்டு பிராசசரையும் ரேமையும் சேர்த்துச் சுமையேற்றிப் பார்ப்பது வேண்டியதே.

ஒரு குறிப்பு இங்கு மிகப் பயன்படும். விண்டோஸின் கோப்புச் சோதனைக் கருவியான எஸ்எஃப்சியை இரண்டு முறை ஓட்டி, அதன் சிபிஎஸ் பதிவேட்டில் உள்ள பெயர்களை ஒப்பிட வேண்டும். இரண்டு பட்டியலும் ஒன்றேயானால் சிதைவு டிஸ்கில் உள்ளது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்புகள் வந்தால், டிஸ்கில் உள்ள கோப்பு நன்றாகவே இருந்து, படிக்கும் வழியில் கெடுகிறது என்று பொருள். இதற்கெனச் சரிசெய்யாமல் சோதிக்க மட்டும் செய்யும் ‘வெரிஃபை ஒன்லி’ முறை உண்டு. ஐயம் தீராத கணினியில் அதையே பயன்படுத்த வேண்டும். செக்டிஸ்க் கருவிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது கோப்பு அமைப்பின் அட்டவணையையே திருத்தி எழுதுவதால், கெட்ட ரேமோடு ஓட்டினால் விளையும் நாசம் பெரிது.

செப்பனிடுதல்

வன்பொருள் தேறிய பிறகு செப்பனிடும் வேலை பெரும்பாலும் எளிது. முதலில் செக்டிஸ்க். அடுத்து டிஐஎஸ்எம் கருவியின் ‘ரெஸ்டோர் ஹெல்த்’. எஸ்எஃப்சி மாற்றுக் கோப்புகளை எடுப்பது வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற சேமிப்பறையிலிருந்து. அந்த அறையே கெட்டிருந்தால் எஸ்எஃப்சி கையை விரித்துவிடும். அறையை விண்டோஸ் அப்டேட் வழியாகவோ நிறுவல் கோப்பிலிருந்தோ சரிசெய்வது டிஐஎஸ்எம். எனவே எஸ்எஃப்சி அதற்குப் பின்னரே வர வேண்டும். எஸ்எஃப்சி சொல்வதெல்லாம் உண்மைச் சிதைவும் அல்ல. 2019 ஜூலையில் விண்டோஸ் டிஃபெண்டரின் புதுப்பிப்பு ஒன்று, நல்ல பவர்ஷெல் கோப்புகளையே சிதைந்தவையாக அதைக் காட்ட வைத்தது. மைக்ரோசாஃப்டே அதை ஒப்புக்கொண்டது.

இவற்றுக்கும் மசியாத கணினியில், நிறுவல் கோப்பைத் திறந்து விண்டோஸை அதன் மேலேயே மறுபடி நிறுவினால் நிரல்களும் சொந்தக் கோப்புகளும் தங்கும். ரெஜிஸ்ட்ரி சேதமடைந்திருந்தால் புதிதாக நிறுவுவதே மேல். அந்த நிறுவலே ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்று பாதியில் நின்றால், வேறு பென் டிரைவில் ஒருமுறை முயன்றுவிட்டு, மறுபடி ரேமுக்கே திரும்ப வேண்டும். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், மதர்போர்டையோ பிராசசரையோ மாற்றியவர்களுக்கு அதன் மீட்புச் சாவி தேவைப்படும். டிஸ்கின் பூட்டு பழைய போர்டின் அல்லது பிராசசரின் டிபிஎம் பாதுகாப்புப் பகுதியோடு பிணைந்திருப்பதால், பாகத்தைக் கழற்றும் முன்பே சாவியை எழுதி வைக்காதவர் தம் டிஸ்கைத் தாமே திறக்க முடியாமல் நிற்பார்.

எஸ்எஃப்சியும் டிஐஎஸ்எம்மும் விண்டோஸின் கோப்புகளை மட்டுமே அறியும். குடும்பப் படங்கள், கணக்குகள், எழுதிய கட்டுரைகள் ஆகியவற்றின் சரியான வடிவம் எது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. விண்டோஸை மறுபடி நிறுவிவிடலாம், இவற்றை நிறுவ முடியாது. கோளாறு இருந்த நாட்களில் திறந்து சேமித்த, நகலெடுத்த, வேறு டிஸ்குக்கு மாற்றிய கோப்புகள் ஐயத்துக்குரியவை. ஜிப் கோப்புகள் தம்முள் சிஆர்சி எண்ணை வைத்திருப்பதால் அவற்றைச் சோதிக்கலாம். மற்றவற்றை மாற்றத்துக்கு முந்தைய காப்பு நகலோடு ஒப்பிடுவதுதான் வழி. தானியங்கிக் காப்பு மென்பொருள் அந்த நாட்களில் ஓடியிருந்தால் சிதைந்த கோப்புகளும் நகலுக்குள் சேர்ந்திருக்கும். ஆதலால் புதிய பாகம் சோதனையில் தேறும்வரை காப்பு டிஸ்கைக் கழற்றி வைப்பதும், மாற்றத்துக்கு முந்தைய நகலை அழிக்காமல் தனியே வைத்திருப்பதும் அவசியம்.