தொலைந்த இரண்டாவது சாவி

வங்கி லாக்கரைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும் என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரிந்திருக்கும். முதலில் வங்கி ஊழியர் தம் சாவியைப் போட்டுத் திருப்புவார். பிறகு நாம் நம் சாவியைப் போட்டால்தான் கதவு திறக்கும். கைபேசியில் வரும் ஆறு இலக்க எண்ணைப் பார்த்து "இது என்ன புதுத் தொல்லை?" என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: இதில் புதிது ஒன்றுமில்லை, அதே லாக்கர்தான். ரகசியச் சொல் ஒரு சாவி, கைபேசி இன்னொரு சாவி.

இரண்டு சாவி எதற்கு என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதில் ஒன்று தொலைந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. முப்பத்து நான்கு வருடம் சாவிக் கொத்தோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு அதில் தனி ஈடுபாடு.

நம் ஊர் சார்நிலைக் கருவூலங்களில் "டபுள் லாக்" என்ற சொல் வெகுகாலமாகப் புழக்கத்தில் உண்டு. பெட்டக அறைக்கு இரண்டு பூட்டுகள். சாவிகள் இரண்டு பேரிடம். ஒருவர் தனியாகப் போய்த் திறக்க முடியாது. வங்கிக் கிளையின் பணப்பெட்டகமும் அப்படித்தான். ஒரு சாவி அதிகாரியிடம், மற்றொன்று தலைமைக் காசாளரிடம். ஒருவர் விடுப்பில் போனால், சாவி கைமாறியதற்குப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். மாற்றுச் சாவிகள் உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, வேறொரு கிளையின் பெட்டகத்தில் இருக்கும். சாவி தொலையும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துச் செய்த ஏற்பாடு அது. பழைய ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

வாடிக்கையாளரின் லாக்கருக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் சாவிக்கு மறு சாவி வங்கியிடம் இருக்காது, இருக்கவும் கூடாது. தொலைத்துவிட்டால் எழுதிக் கொடுக்க வேண்டும். லாக்கர் செய்த கம்பெனியின் ஆள் வந்து, உங்கள் கண்முன்னால் பூட்டைத் துளைத்துத் திறப்பார். பிறகு பூட்டையே மாற்றுவார்கள். செலவு உங்களுடையது.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஓர் அம்மாள், வீடு மாற்றியபோது சாவியைத் தொலைத்துவிட்டார். எங்கள் எல்லோருக்கும் பல வருடமாகத் தெரிந்தவர்தான். இருந்தும் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிட்டோம். அவருக்குக் கை நடுக்கம் வந்திருந்தது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை. "என்னைத் தெரியாதாப்பா உனக்கு?" என்று கோபமாகக் கேட்டார். தெரியும்தான். ஆனால் எனக்குத் தெரியும் என்பதைக் காகிதத்தில் எழுத முடியாதே. வேறொரு கணக்குதாரரைச் சாட்சிக்கு அழைத்துப் புதிய மாதிரிக் கையெழுத்து வாங்கினோம். அதற்குப் பிறகுதான் துளைக்கும் ஆளுக்குச் சொல்லி அனுப்பினோம். பத்து நாள் ஆயிற்று. துளைபோடும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு, பெட்டகத்தின் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

சகுந்தலைக்கும் இதுதான் நடந்தது. காளிதாசன் கதையில் மோதிரம் ஆற்றில் விழுந்துவிட, துஷ்யந்தன் அவளை யாரென்றே தெரியாது என்கிறான். மீன் வயிற்றிலிருந்து மோதிரத்தை எடுத்து விற்கப் போன மீனவனைக் காவலர்கள் திருடன் என்று பிடித்துக்கொள்கிறார்கள். சாவி வைத்திருப்பவன் உரிமைக்காரன் இல்லை, உரிமைக்காரியிடம் சாவி இல்லை. அடையாளத்துக்கு ஒரே ஒரு பொருளை நம்பினால் வரும் கோளாறு!

கணினிக் காலத்துக்கு வருவோம். 1967 ஜூன் 27 அன்று வடக்கு லண்டனின் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி, பணம் தரும் இயந்திரத்தை வைத்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பாரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். அப்போது பிளாஸ்டிக் அட்டை கிடையாது. காசோலை போன்ற ஒரு சீட்டையும் நான்கு இலக்க எண்ணையும் கொடுத்தால் பணம் வரும். ஆறு இலக்கம் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாராம். தனக்கு நான்கு இலக்கம்தான் நினைவில் நிற்கும் என்று மனைவி சொன்னதால் நான்காயிற்று என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கையில் ஒரு பொருள், மனதில் ஓர் எண். பொருள் தொலைந்தால் கிளைக்குப் போனால் போதும். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருப்பார்.

1980-களில் அமெரிக்காவில் சிறு கருவிகள் வந்தன. அதன் முகப்பில் தெரியும் எண் நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். பெரிய அலுவலகங்களில் கொடுத்தார்கள். தொலைத்தவர் கணினிப் பிரிவுக்குப் போய் வேறொன்று வாங்கிக்கொள்வார். அங்கும் மனிதர் இருந்தார்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல், இணையத்தில் அட்டை மூலம் பணம் செலுத்த இரண்டாவது சோதனை கட்டாயம் என்றது. முதலில் அது இன்னொரு ரகசியச் சொல்லாகத்தான் இருந்தது. பிறகு கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. அந்த இடத்தைப் பிடித்தது. அன்றிலிருந்து நம் சிம் கார்டுதான் லாக்கர் சாவி. திருடர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். போலி ஆவணம் காட்டி நம் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிட்டால், கைபேசியைத் தொடாமலேயே சாவி அவர்கள் கையில். இதைத் தடுக்கத்தான், மாற்று சிம் போட்டால் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது என்று 2022 இறுதியில் தொலைத்தொடர்புத் துறை ஏற்பாடு செய்தது. 2024 ஜூலை முதல், சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் முடியாது. புது சிம் போட்டும் ஓ.டி.பி. வரவில்லையே என்று பதறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தாமதம் உங்கள் பாதுகாப்புக்குத்தான்.

இதற்கும் அடுத்தபடி ஒன்று வந்தது, எண் காட்டும் செயலி. அதைப் பொருத்தும்போது திரையில் தெரியும் கட்டம் போட்ட சதுரத்தைக் கைபேசியால் படம் பிடிக்கச் சொல்வார்கள் அல்லவா? அந்தச் சதுரத்துக்குள் ஒரு ரகசிய எண் இருக்கிறது. அதன் ஒரு பிரதி நிறுவனத்திடம், ஒரு பிரதி உங்கள் கைபேசியில். இரண்டும் அந்த ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகின்றன. அதனால் 30 விநாடிக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் ஒரே எண் பிறக்கிறது. சிம் வேண்டாம், இணையம்கூட வேண்டாம். 2011-ல் இந்தக் கணக்கு உலகப் பொது முறையாக வெளியிடப்பட்டது. திருடனுக்கு இது கடினமான பூட்டு. ஆனால் ரகசியம் அந்தக் கைபேசியில் மட்டுமே இருந்தால், புது சிம் வாங்கி ஒரு பயனும் இல்லை. சிம் திரும்பி வரும், ரகசியம் வராது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பேருந்தில் அவர் கைபேசி களவு போயிற்று. இரண்டு நாளில் எண் திரும்ப வந்தது, வங்கிச் செய்திகளும் வந்தன. மின்னஞ்சல் மட்டும் திறக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் இந்தச் செயலியைப் பொருத்திக் கொடுத்திருந்தான். காலமான மனைவியின் படங்களும், அவர் மகனுக்கு எழுதிய கடிதங்களும் அந்தக் கணக்கில்தான் இருந்தன. வேறு எங்கும் இல்லை.

"மேனேஜர்னு ஒருத்தர் இருந்தா நேர்ல போய்ப் பேசலாம் சார். இதுல யாரைப் போய்ப் பார்க்கிறது?" என்றார்.

எனக்கு அந்த ஸ்டூல் அம்மாள் நினைவு வந்தது. "என்னைத் தெரியாதா" என்று கோபித்துக்கொள்ளவாவது அவருக்கு ஒரு முகம் இருந்தது.

ஏன் இந்த நிறுவனங்கள் தொலைபேசியில் ஓர் ஆளை வைப்பதில்லை? வைத்துப் பார்த்தவர்கள்தான். 2012 ஆகஸ்டில் மேட் ஹோனன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு நடந்தது உலகத்துக்கே பாடமாயிற்று. திருடர்கள் அவருடைய ரகசியச் சொல்லை உடைக்கவே இல்லை. அமேசானுக்குத் தொலைபேசியில் பேசி, அவர் கணக்கில் நுழைந்து, கடன் அட்டையின் கடைசி நான்கு எண்களைத் தெரிந்துகொண்டார்கள். அந்த நான்கு எண்களையும் வீட்டு முகவரியையும் ஆப்பிள் நிறுவனத்திடம் சொன்னார்கள். அங்கிருந்த ஊழியர் நம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஹோனனின் கைபேசி, டேப்லெட், மடிக்கணினி மூன்றும் தூரத்திலிருந்தே துடைக்கப்பட்டன. குழந்தையின் முதல் வருடப் படங்களும் போயின. பிறகு வல்லுநர்களிடம் கொடுத்துத்தான் பெரும்பகுதியை மீட்டார். அதற்குப் பின் இரு நிறுவனங்களும் தொலைபேசி வழக்கத்தை இறுக்கின. முன்வாசலில் எத்தனை பூட்டு போட்டாலும், சாவி தொலைந்தது என்று சொல்லி வருகிறவருக்கான கொல்லைவாசல் ஒன்று இருந்தே ஆக வேண்டும். திருடனும் அந்த வாசலில்தான் வந்து நிற்பான். நம் கையெழுத்து அட்டையும் சாட்சியும் பத்து நாள் தாமதமும் அந்த வாசலுக்குப் போட்ட தாழ்ப்பாள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆசிரியரின் வீட்டில் பழைய மேஜைக் கணினி ஒன்று இருந்தது. அந்தக் கணக்கை அதில் அவர் பல வருடம் திறந்திருக்கிறார். மீட்புக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கமான கணினி, வழக்கமான வீட்டு இணைப்பு என்பதெல்லாம் சாட்சிகளாக எடுத்துக்கொள்ளப்படும். அதனால் வேறு இடத்தில் முயலவேண்டாம் என்று அவரை அங்கேயே உட்காரவைத்தோம். பழைய ரகசியச் சொற்களைக் கேட்டது, நினைவிருந்ததைக் கொடுத்தார். மகள் முகவரியை மாற்று அஞ்சலாக எப்போதோ பதிந்திருந்தது பெரிய புண்ணியம். நான்கு நாள் காத்திருந்த பிறகு அந்த முகவரிக்குத்தான் இணைப்பு வந்தது. திறந்ததும் அவர் முதலில் பார்த்தது எது என்று நான் கேட்கவில்லை.

அன்றே கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் மாற்று எண்கள் என்ற பட்டியலை எடுத்தோம். பல மின்னஞ்சல் சேவைகளில் இது உண்டு. இரண்டாவது பூட்டைப் போடும்போதே தருவார்கள், யாரும் அச்சிடுவதில்லை. இவருடையதில் பத்து எண்கள் இருந்தன. கைபேசி இல்லாமலே ஒவ்வொன்றும் ஒருமுறை கதவைத் திறக்கும். இது அந்தக் காலத்தில் வேறு கிளையில் வைத்த அரக்கு உறைதான். அதைக் கைபேசியிலேயே படமாக வைத்தால், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதற்குச் சமம்.

அவர் இரண்டு தாளில் அச்சிட்டார். ஒன்று பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கிறது. இன்னொன்றை உறையில் ஒட்டி மகளிடம் கொடுத்திருக்கிறார். பயன்படுத்திய எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போடுகிறார், பதிவேடு மாதிரி. இதுவரை இரண்டு அடித்திருக்கிறார்.