பெப்டைடு மருந்துகளின் உறிஞ்சலும் வெளியேற்றமும்

பெப்டைடு மருந்துகள் என்பவை அமினோ அமிலங்கள் சங்கிலியாக இணைந்து உருவான மருந்துகள் ஆகும். 51 அமினோ அமிலங்களைக் கொண்ட இன்சுலின் இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. உணவிலுள்ள புரதங்களும் இதே வகைப் பிணைப்புகளால் ஆனவை என்பதால், இம்மருந்துகளுள் பெரும்பாலானவற்றை உடல் உணவைப் போலவே சிதைத்துவிடுகிறது.

உறிஞ்சல்

விழுங்கப்படும் இன்சுலினை இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சின் முதலிய நொதிகளும் துண்டாக்குகின்றன. தப்பும் மூலக்கூறுகளும் அளவில் பெரியவை ஆதலால் குடற்சுவரைக் கடப்பது அரிது. 1922 சனவரியில் டொராண்டோவில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது முதல் இன்றுவரை இன்சுலின் பெரும்பாலும் ஊசி வழியே அளிக்கப்படுவதற்கு இதுவே காரணம். வளைய வடிவமுடைய சைக்ளோசுபோரின் ஒரு விதிவிலக்கு. அதனை வாய்வழியே உட்கொள்ளலாம்.

தோலுக்கடியில் செலுத்தப்படும் வழமையான இன்சுலினில் ஆறாறு மூலக்கூறுகள் துத்தநாக அயனிகளுடன் திரண்டிருக்கும். இத்திரள் பிரிந்த பின்னரே இன்சுலின் குருதி நுண்குழாய்களுக்குள் எளிதில் புகும். உணவுக்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே ஊசி போடுமாறு அறிவுறுத்தப்படுவது இத்தாமதத்தினாலேயே ஆகும். 1996 இல் அறிமுகமான லிஸ்புரோ இன்சுலினில் இரு அமினோ அமிலங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாற்றப்பட்டுள்ளன. அதனால் திரள் விரைவில் கலைகிறது.

சிதைவும் வெளியேற்றமும்

குருதியில் இன்சுலினின் அரைவாழ்வுக் காலம் சில நிமிடங்களே. கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலை அடைவதால், அதில் ஏறத்தாழப் பாதி அங்கேயே நீக்கப்படுகிறது. ஊசியால் செலுத்தப்படுவதோ நேராகப் பொதுக் குருதியோட்டத்தில் கலப்பதால், அதனை நீக்குவதில் சிறுநீரகத்தின் பங்கு கூடுகிறது. சிறுநீரகம் இன்சுலினை வடிகட்டி, நுண்குழல்களில் மீள உறிஞ்சி, அங்கேயே சிதைக்கிறது. மாறாத நிலையில் சிறுநீரில் சேர்வது மிகச் சிறிதளவே. எனவே வெளியேற்றம் என்னும் சொல் இங்கு அவ்வளவு பொருத்தமானதன்று.

சிறுநீரகம் செயலிழக்கும்போது இன்சுலின் குருதியில் நெடுநேரம் தங்குகிறது. பழைய அளவே தொடர்ந்தால் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும் என்பதால், மருத்துவர்கள் பெரும்பாலும் மருந்தின் அளவைக் குறைப்பர். ஊசியின் தேவை இவ்வாறு குறைவதைக் கண்டு நீரிழிவு நோய் தணிந்துவிட்டதாக எண்ணுவது தவறாகும்.

சிதைவைத் தாமதப்படுத்தல்

ஜிஎல்பி-1 என்னும் குடல் இயக்குநீர் டிபிபி-4 நொதியால் ஓரிரு நிமிடங்களில் செயலிழக்கிறது. அதனை ஒத்த செமாகுளுட்டைடு மருந்தில் நொதி வெட்டும் இடத்தில் வேறோர் அமினோ அமிலம் வைக்கப்பட்டு, கொழுப்பமிலச் சங்கிலி ஒன்றும் பொருத்தப்பட்டுள்ளது. இச்சங்கிலி குருதியிலுள்ள அல்புமினைப் பற்றிக்கொள்வதால் அரைவாழ்வுக் காலம் சுமார் ஒரு வாரமாக நீள்கிறது. இதன் மாத்திரை வடிவம் 2019 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உறிஞ்சலுக்கு உதவும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டும், வெறும் வயிற்றில் சிறிதளவு நீருடன் விழுங்கியும், ஏறத்தாழ 1 விழுக்காடு மருந்தே குருதியை அடைகிறது.