கந்தையின் கண்ணியம்

பொழுது புலர்வதற்கு முன்பே ராசிங்காபுரம் விழித்துக்கொள்கிறது. மேற்கே மலைத்தொடர் இன்னும் இருளில் மூழ்கிக் கிடக்க, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்பை எதிர்நோக்கிப் பெண்கள் சாலையோரத்தில் வந்து கூடுகின்றனர். கையிலே தூக்குச்சட்டி, தலையிலே பழந்துண்டு, சேலைக்கு மேலே, வீட்டு ஆண்கள் உடுத்திக் கழித்த முழுக்கைச் சட்டை. ஏலச் செடியின் அடியிலே குனிந்து, மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும் சரங்களிலிருந்து காய் எடுக்கும் உடம்புக்கு அச்சட்டையே கவசம். பூச்சிகளையும் மலைக்குளிரையும் அது ஓரளவு தாங்கிக்கொள்கிறது.

அந்தச் சட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அது பெருநாளுக்கோ திருவிழாவுக்கோ ஆசையுடன் தைத்த புதுச்சட்டை. பின்னர் அன்றாட உடையாயிற்று. கழுத்துப்பட்டை நைந்தபின் மலைக்குப் போயிற்று. மலையிலும் கிழிந்தபின் அடுப்படியில் சூடான பாத்திரத்தை இறக்கும் பிடிதுணியாகிறது. இறுதியில் கரி படிந்து, அடுப்பிலேயே சாம்பலாகிறது. அரசர்களின் பட்டாடைகளைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர்கள் இந்தப் பழந்துணியின் பயணத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஆயினும், நூல்களின் ஓரங்களில் சிதறிக் கிடக்கும் செய்திகளைத் திரட்டிப் பார்த்தால், மனிதன் தன் பழைய உடையை எவ்வாறு நடத்தினான் என்பதிலே அவன் மற்ற மனிதனை எவ்வாறு நடத்தினான் என்பதும் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

நம் வீடுகளிலிருந்தே தொடங்குவோம். பிறந்த குழந்தையைப் புதுத்துணியிலே சுற்றுவது தமிழகத்தில் வழக்கமன்று. பலமுறை துவைத்து மென்மையான பாட்டியின் சேலையோ பாட்டனாரின் வேட்டியோதான் அதன் முதல் ஆடை. அதே பழஞ்சேலை உத்தரத்தில் கட்டப்பட்டுத் தொட்டிலாகிறது. இன்னும் நைந்தால், கிழித்துத் திரித்து விளக்குத் திரியாக்குவர், சுருட்டிச் சும்மாடாக்குவர். இலவம் பஞ்சுக்குப் பெயர்பெற்ற போடி வட்டாரத்திலும், பஞ்சு வாங்க வழியற்ற வீடுகளில் கந்தல் அடைத்த தலையணையே துணை. பழம்பட்டின் சரிகையை எரித்து வெள்ளி எடுப்போர் ஊர் ஊராக வந்தனர். பழந்துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்போரின் குரல் தெருக்களில் ஒலித்ததை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். கூழானாலும் குளித்துக் குடிக்கவும், கந்தையானாலும் கசக்கிக் கட்டவும் சொன்ன பழமொழி, வறுமையை இழிவாகக் கருதவில்லை; தூய்மையின்மையையே இழிவாகக் கருதிற்று.

‘கந்தை’ என்னும் இச்சொல்லைச் சற்று ஆராய்வோம். வடமொழியில் ‘கந்தா’ என்பது துறவிகள் உடுத்திய ஒட்டுத்துணி ஆடையைக் குறிக்கும். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி நுண்ணிய தையலிட்டுச் செய்யும் ‘காந்தா’ப் போர்வையும் அதே சொல்லின் வழிவந்ததே. பீகாரில் இதையொத்த ‘சுஜனி’ உண்டு. அதுவும் பிறந்த குழந்தைக்காகப் பழஞ்சேலைகளைச் சேர்த்துத் தைக்கப்பட்டதுதான். வைகைக் கரைத் தாயும் கங்கைக் கரைத் தாயும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர்!

அரபு மொழியிலும் இதே நிலைதான். ‘கிர்கா’ என்றால் கிழிந்த துணி என்பதே அதன் நேர்ப்பொருள். கிழித்தல் என்னும் வேர்ச்சொல்லினின்று பிறந்தது. ஆனால் சூஃபி ஞானிகள் தம் சீடர்க்குப் போர்த்தும் மேலங்கிக்கு அதுவே பெயராயிற்று. ‘ருக்ஆ’ என்றால் ஒட்டுத்துண்டு. அதே சொல் சிறு கடிதத்தையும் குறித்தது. பின்னாளில் அரபு எழுத்துமுறை ஒன்றுக்கே பெயராயிற்று. அவ்வேரிலிருந்து வந்த ‘முரக்கஉ’ என்னும் சொல் ஒட்டுப்போட்ட ஆடையையும் குறிக்கும். முகலாயப் பேரரசர்கள் ஓவியங்களையும் அழகெழுத்துத் தாள்களையும் ஒட்டித் தொகுத்த தொகுப்பேட்டையும் குறிக்கும். ஏழையின் கிழிசலுக்குப் பிறந்த சொல் அரண்மனை நூலகம்வரை சென்றிருக்கிறது.

கிழிசலை இழையோட்டிச் சரிசெய்பவனுக்கு அரபியில் ‘ரஃப்ஃபா’ என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் மோசுல் நகரில் இத்தொழிலைச் செய்த இளைஞர் ஒருவர் கவிஞராக உயர்ந்து, அலெப்போவில் ஸைஃபுத் தவ்லாவின் அவையில் இடம்பெற்றார். அரபு இலக்கிய வரலாறு அவரை இன்றும் ‘அஸ்ஸரீ அர்ரஃப்ஃபா’ என்றே, தொழிற்பெயரோடு சேர்த்தே குறிப்பிடுகிறது. அச்சொல்லின் வழியில் வந்த ‘ரஃபூ’த் தொழிலை உத்தரப்பிரதேசத்து நஜீபாபாதின் கைவினைஞர்கள் இந்நாளிலும் செய்துவருகின்றனர். கிழிந்த காஷ்மீரச் சால்வையில், கிழிந்த இடம் எதுவெனக் கண்டறிய இயலாதவாறு இழைசேர்க்கும் வித்தை அவர்களுடையது.

இனி, இஸ்லாத்தின் தொடக்ககால வரலாற்றுக்கு வருவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) விடை பகர்ந்தார்கள். புத்தாடை அணிபவர் இறைவனைப் புகழ்ந்துவிட்டுப் பழைய ஆடையைத் தருமம் செய்வதன் சிறப்பை உமர் (ரலி) வழி வந்த அறிவிப்பொன்று எடுத்துரைக்கிறது. பேரரசுகளை வென்ற அந்த உமர் (ரலி) அவர்களே பல ஒட்டுகள் போட்ட கீழாடையுடன் மக்கள்முன் நின்று உரையாற்றியதை வரலாறு பதிவு செய்துள்ளது.

இவற்றினும் நெஞ்சை உருக்குவது முதல் கலீஃபாவின் இறுதி நேரம். ஹிஜ்ரி 13, அதாவது 634-ஆம் ஆண்டு. நோயுற்றுப் படுத்திருந்த அபூபக்ர் (ரலி) அவர்கள், தம் உடலின்மேல் கிடந்த, குங்குமப்பூக் கறை படிந்த ஆடையைப் பார்த்து, இதைத் துவைத்து இன்னும் இரண்டு துணிகளைச் சேர்த்துத் தமக்குக் கஃபனிடுமாறு சொன்னார்கள். இது நைந்த துணியாயிற்றே என்று மகளார் ஆயிஷா (ரலி) கூற, புதியதற்கு இறந்தவரைவிட உயிரோடிருப்பவரே அதிக உரிமை உடையவர் என்னும் கருத்தைத் தந்தையார் தெரிவித்தார்கள். நம் குழந்தை பழந்துணியில் கண்விழிக்கிறது. அந்தக் கலீஃபா பழந்துணியில் கண்மூடினார்கள்.

இன்னொரு செய்தியை மக்காவின் வரலாற்று நூல்கள் தருகின்றன. கஅபாவுக்குப் போர்த்தும் கிஸ்வாத் துணிகள் ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே வந்தன. கஅபாவின் சாவிக்குரிய ஷைபா இப்னு உஸ்மான் அவர்கள், தூய்மையற்ற நிலையில் எவரும் அதை உடுத்திவிடக்கூடாது என அஞ்சி, குழி தோண்டி அவற்றைப் புதைத்துவந்தார்கள். இதனை அறிந்த அன்னை ஆயிஷா (ரலி) அச்செயலை ஏற்கவில்லை. கஅபாவிலிருந்து களையப்பட்டபின் அதனை யார் உடுத்தினாலும் குற்றமில்லை என்றும், அதை விற்று அப்பணத்தை ஏழைகளுக்கும் இறைவழியிலும் செலவிடவேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள் என்பது அச்செய்தி. இறையில்லத்தின் திரையே ஆயினும், மண்ணுக்குள் மக்குவதைவிட மனிதனுக்குப் பயன்படுவதே அதற்குச் சிறப்பு என்பது அவர்களின் தெளிவு.

துணியாகப் பயன்படும் தகுதியையும் இழந்த கந்தலுக்கு என்ன வழி? இங்கேதான் உலக வரலாற்றின் மாபெரும் மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. கி.பி. 105-இல் சீன அரசவை அலுவலர் சாய் லுன், மரப்பட்டை, சணல், கந்தல், பழைய மீன்வலை ஆகியவற்றைக் கூழாக்கிக் காகிதம் செய்யும் முறையை அறிவித்தார். 751-இல் தலாஸ் போரில் சிறைப்பட்ட சீனர்கள் வாயிலாக அக்கலை சமர்கந்தை அடைந்தது என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. எட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் பக்தாதிலும் காகிதம் செய்யப்பட்டது. சீனர் பயன்படுத்திய மரப்பட்டை அங்கே எளிதிற் கிட்டவில்லை. ஆகவே, கிழிந்த நார்த்துணியும் பழைய சணற்கயிறுமே மூலப்பொருளாயின. கந்தலை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடையில் வார்த்து, உலர்த்தி, மாப்பசை தடவி மெருகிட்டனர். ஹதீஸ் தொகுப்புகளும், மருத்துவ நூல்களும், அல்ஜீப்ராவும் ஏழை எளியோர் கழித்த துணியின்மீது எழுதப்பட்டே உலகெங்கும் பரவின எனலாம். நாம் நாள்தோறும் சொல்லும் ‘காகிதம்’ என்னும் சொல்லும் அரபு, பாரசீக வழியில் நமக்கு வந்ததே.

ஆனால் கந்தலுக்கு மதிப்பு வந்ததும் கந்தலைத் தேடிக் கல்லறைகளுக்கும் சென்றனர் மனிதர். 1200-ஆம் ஆண்டையொட்டி எகிப்தில் தங்கியிருந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, பண்டைய எகிப்தியரின் சடலங்களைச் சுற்றியிருந்த துணிகளைச் சிலர் தோண்டியெடுத்து, உறுதியானவற்றை ஆடையாக்கியதையும், ஏனையவற்றைக் காகிதம் செய்வோர்க்கு விற்றதையும், அக்காகிதம் கடைகளில் பொட்டலம் கட்டப் பயன்பட்டதையும் குறித்துவைத்துள்ளார். இறந்தவருக்குப் புதுத்துணி வேண்டாம் என்றார்கள் அபூபக்ர் (ரலி). இறந்தவருக்குத் துணியே வேண்டாம் என்றனர் இவர்கள். முன்னது தானே முன்வந்து விட்டுக்கொடுத்தது, பின்னது பறித்தது. பழந்துணி ஒன்றேதான். அது கைமாறிய முறையிலேதான் அறமும் அறமின்மையும் இருக்கின்றன.

அக்காகிதக் கலை அந்தலூசியாவின் ஷாத்திபா நகரிலே செழித்ததை 1154-இல் தம் நூலை முடித்த புவியியல் அறிஞர் அல்இத்ரீஸி பாராட்டியுள்ளார். அங்கிருந்தும் இத்தாலி வழியாகவும் அது ஐரோப்பாவெங்கும் பரவிற்று. 1840களில் மரக்கூழ் முறை கண்டறியப்படும்வரை அந்நாடுகளின் அச்சகங்கள் கந்தலை நம்பியே இருந்தன. நம் நாட்டில், ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் ‘காக்ஜி’ என்று தொழிலாலேயே பெயர்பெற்ற முஸ்லிம் குடும்பங்கள் பருத்திக் கந்தலிலிருந்து இன்றும் கைக்காகிதம் செய்கின்றன. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959 முதல் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளது.

கம்பளிக்கும் இத்தகைய மறுவாழ்வு வாய்த்தது. 1813-இல் இங்கிலாந்தின் பேட்லி நகரில் பெஞ்சமின் லா என்பார் கம்பளிக் கந்தலைக் கிழித்து இழையாக்கி மீண்டும் நெய்யும் முறையைக் கண்டார். பின்னர் அத்தொழில், மூன்று போர்களால் நாம் அறிந்த பானிப்பட்டில் நிலைகொண்டது. மேலைநாடுகள் கழித்த குளிராடைகள் அங்கே நூலாகிக் கம்பளிகளாயின. வெள்ளமும் நிலநடுக்கமும் தாக்கிய இடங்களுக்கு நிவாரணமாகவும் சென்றன. நம் கொங்குநாட்டிலும் திருப்பூரின் பனியன் வெட்டுத்துண்டுகளை மீண்டும் பஞ்சாக்கி நூற்கும் ஆலைகள் பல உள்ளன. அந்நூல் காடாத்துணியாகவும், தரை துடைக்கும் துணியாகவும், கால்மிதியாகவும் மாறுகிறது.

இவ்வளவு நெடிய மரபுடைய நாம் பழந்துணியைக் கொடுக்கும் முறையில் தேர்ந்துவிட்டோமா? 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடியபின் நடந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகத் துணிகள் நாகப்பட்டினம் முதலிய இடங்களுக்கு வந்தன. இரக்கத்துடன் அனுப்பியோர் மிகப் பலர். ஆயினும் அழுக்கும் கிழிசலும், அம்மக்கள் உடுத்தாத வகை ஆடைகளும் அவற்றில் மிகுந்திருந்தன. கடலோடு போராடித் தம் உழைப்பால் வாழ்ந்த மீனவ மக்கள் அவற்றைத் தொடவும் கூசினர். துணிகள் சாலையோரங்களில் குவியல் குவியலாக மழையிலும் வெயிலிலும் கிடந்தன. வீட்டையும் உறவையும் இழந்தவன் தன்மானத்தையும் இழக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்த்தோமோ?

1999-இல் அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’ என்னும் அமைப்பு அவ்வாறு ஒதுக்கப்பட்ட துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் பணியை ஏற்றது. உடுத்தத் தக்கவை உடையாயின. ஏனையவை பை, பாய், போர்வை ஆயின. மென்பருத்தித் துணியைத் தூய்மை செய்து, மாதவிலக்குக் காலத்தில் ஏழைப் பெண்கள் பயன்படுத்தும் துணிப்பட்டைகளையும் செய்தனர். இவற்றினும் சிறந்தது அவர்கள் துணியைக் கொடுக்கும் முறை. ஊர்மக்கள் கூடிக் கிணறு தூர்வாருகின்றனர், பாதை அமைக்கின்றனர். அவ்வுழைப்புக்கு மதிப்பாகத் துணி வழங்கப்படுகிறது. பெறுபவர் கையேந்தவில்லை, உழைத்துப் பெறுகிறார். 2015-இல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

பிறர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்னும் அளவுக்குத் தாழ்ந்த பொருளைத் தருமமாகக் கொடுக்கத் தேடாதீர்கள் என்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. பழந்துணியைப் பொறுத்தவரை இதனினும் தெளிவான அளவுகோல் வேண்டுவதில்லை. நம் வீட்டில் நாம் ஒட்டுப்போட்டு உடுத்தினால் அது சிக்கனம். கிழிந்ததைக் கிழித்துத் திரியாகவோ மிதியடியாகவோ மாற்றினால் அது அறிவு. கிழிந்ததை அப்படியே இன்னொருவன் கையில் திணித்தால் அது நம் அலமாரியைக் காலி செய்யும் வேலையேயன்றித் தருமமாகாது. கொடுப்பதற்கு முன் துவைத்தல், பொத்தான் தைத்தல், கிழிசலை இழையோட்டுதல், மடித்துக் கொடுத்தல்: இந்நான்கும் சிறு செயல்களே. ஆயினும் பெறுபவனை மனிதனாக மதித்தோம் என்பதற்கு அவை சான்றுகளாகும்.

ராசிங்காபுரத்துச் சாலையில் ஜீப் வந்து நிற்கிறது. சட்டையின் கைகளை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் ஏறுகின்றனர். முழங்கையருகே கிழிந்த இடத்தில் வேறு நிறத் துணியொன்றை வைத்து அழகாகத் தைத்திருக்கிறார் ஒருவர். அந்த ஒட்டுக்கு அரபியில் ருக்ஆ என்று பெயர் என்பது அவருக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையுமில்லை. அந்தச் சட்டை அவர் வீட்டுச் சட்டை. அந்தத் தையல் அவர் கைத்தையல். அதை உடுத்தி மலையேறுவதில் அவருக்குக் கூச்சம் சிறிதுமில்லை. நாம் நாளை ஒருவருக்குக் கொடுக்கவிருக்கும் பழைய சட்டையும் அவ்வாறே கூச்சமின்றி உடுத்தத் தக்கதுதானா என்பதை, கொடுப்பதற்கு முன் ஒருமுறை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொள்வோம்.