எளிய உரையும் தமிழ் எழுத்தும்: தருமபுரி நடுகல் வாசகங்களை முன்னிட்டு ஓர் ஆய்வு

தருமபுரி மாவட்டத்து நடுகற்களில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ள வாசகங்களை, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1970களில் அச்சிட்டபோது, அரசனுடைய ஆட்சியாண்டையும், வீரனுடைய பெயரையும், அவன் ஆநிரையின் பொருட்டோ ஊரின் பொருட்டோ பட்ட செய்தியையும் சில வரிகளில் கூறி அமையும் அச்சிறு வாசகங்கள் தமிழகச் சரித்திரத்திற்கு அரியதோர் ஆதாரமாயின. கல்வெட்டுப் பதிப்பில் இருவகைச் சம்பிரதாயங்கள் உண்டு. ஐயத்திற்குரிய எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவது ஒன்று. கிரந்த எழுத்தைத் தடித்த அச்சில் காட்டுவது மற்றொன்று. காகிதத்தில் இரண்டும் சமமே. மின்னஞ்சலிலோ அடைப்புக்குறி தானும் ஓர் எழுத்தாதலால் எங்கும் சேதமின்றிச் சென்றடைகிறது. தடிப்பு என்பது எழுத்தின் மேலிட்ட அலங்காரமாதலால், பெறுபவருடைய கருவி அதனை ஏற்காதவிடத்து மறைந்துபோகிறது.

மின்னஞ்சலின் அமைப்பை 1982இல் வரையறுத்த விதி, 128 குறிகளே கொண்ட ஆஸ்கி எழுத்துகளையே அனுமதித்தது. 1992இல் வந்த மைம் என்னும் ஏற்பாடு பிற பாஷைகளுக்கு மட்டுமன்றி, வண்ணம், தடிப்பு, எழுத்துரு முதலிய ஒப்பனைகளுக்கும் வழி திறந்தது. ஆங்கிலம் எழுதுவோர்க்கு ஒப்பனையை விலக்குதல் வெறும் விருப்பத்தைச் சார்ந்த விஷயம். விலக்கினாலும் சொல் சொல்லாகவே நிற்கும்.

தமிழின் நிலை வேறு. பாமினி போன்ற எழுத்துருக்கள் ரோமன் எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தமையால், இன்ன எழுத்துரு என்னும் குறிப்பு கழன்றுவிட்டால், ‘அம்மா’ என்னும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் பொருளற்ற கோவையாகக் கண்முன் நிற்கும். ஆங்கிலத்திற்கு அணிகலனாயிருந்த ஒப்பனை தமிழுக்கு உயிராகவே இருந்தது. அதனைத் துறந்தால் மொழியையே துறக்க வேண்டும். ஆகவே அக்காலத்தில் எளிய உரையை, அதாவது ஒப்பனையற்ற வெறும் எழுத்தை, விரும்பிய தமிழர் பலர், தமிழை ரோமன் லிபியில் ஒலிபெயர்த்து எழுதும் நிர்ப்பந்தத்திற்கு ஆளாயினர்.

இந்த நிர்ப்பந்தத்தினின்றும் விடுபடவே, பல தேசங்களில் வாழ்ந்த தமிழர் மடல்கள் வாயிலாகவே விவாதித்து, 1990களின் பிற்பகுதியில் திஸ்கி என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். முதல் 128 இடங்களை ஆஸ்கிக்கே விட்டு, எஞ்சிய இடங்களில் தமிழை அமைத்த அவ்வேற்பாட்டினால், மடலுக்குள் எழுத்துருக் குறிப்பு எதுவுமின்றியே தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுதல் சாத்தியமாயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இக்குறியேற்றத்தில் பரப்பியது. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களை அறிவித்தமை, நல்லெண்ணத்தின் பாற்பட்டதே யாயினும், குறியேற்றங்களுக்கிடையிலான பிளவை நீக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். யூனிகோடு எனப்படும் ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே பொதுமக்களின் கணிப்பொறிகளில் அது வழங்கத் தலைப்பட்டது. 2010 ஜூனில் தமிழக அரசும் அதனை ஏற்றது. அன்று முதல் தமிழில் எளிய உரை என்பது உண்மையிலேயே எளிதாயிற்று. ஆங்கிலேயர்க்குப் பிறப்புரிமையாக வாய்த்ததைத் தமிழர் கால் நூற்றாண்டுப் பிரயாசையால் ஈட்ட வேண்டியிருந்தது.

கல்வெட்டாய்வுக்கு இதன் பின்னும் இரு படிகள் வேண்டியிருந்தன. 2014இல் கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் தனியிடம் கிடைத்தது. 2019இல் பழந்தமிழ்ப் பின்னங்களும், அளவைக் குறிகளும் சேர்க்கப்பட்டன. தடித்த அச்சு எதனை உணர்த்த வேண்டியிருந்ததோ, அதனை இனி எழுத்தே உணர்த்தும்.

இருந்தும், புதிதாகக் கண்டறியப்படும் கற்களின் வாசகம் இன்றும் புகைப்படத்தின் மேல் எழுதிய சித்திரமாகவோ, பழைய எழுத்துருக் கோப்பாகவோ பகிரப்படும்போது, அதனைத் தேடவும், பிற வாசகங்களோடு ஒப்பிடவும் வழியில்லாது போகிறது. தருமபுரி, அரூர், பென்னாகரம் பகுதிகளில் கள ஆய்வு செய்யும் அன்பர்கள், புகைப்படத்தைத் தனியே இணைத்து, தம் வாசிப்பை வரி எண்ணோடும் பகர அடைப்போடும் ஒருங்குறியில், ஒப்பனை ஏதுமின்றி, மடலின் உடலிலேயே எழுதியனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.