மிலாறு மூடிய செடிகள்

மார்கழி பிறந்தால் பிரம்மதேசத்தில் எங்கள் ஆயா செய்யும் முதல் வேலை, ஓமவல்லித் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைப்பது. நகர்த்த முடியாத துளசிக்குத் தென்னங்கீற்றில் ஒரு சின்னக் குடிசை. “பனி எறங்குதுடா, செடிக்கு மட்டும் குளிராதா?” என்பார். பனி மேலிருந்து இறங்குவதில்லை, இலைமீதே உருவாகிறது என்று பொறியியல் படித்த திமிரில் நான் விளக்கியிருக்கிறேன். “எங்க உருவானா என்ன, மூடுனா வராதுல்ல?” என்று அவர் அடுத்த கீற்றை எடுக்கப் போய்விடுவார்.

அவர் சொன்னதில் இருந்த இயற்பியல் ஊட்டியில்தான் எனக்குப் புரிந்தது. டிசம்பர், ஜனவரியில் அரசு தாவரவியல் பூங்காவுக்குப் போனால் மலர் நாற்றுகளைக் காய்ந்த குச்சிகளால் போர்த்தி வைத்திருப்பார்கள். கோத்தகிரி மிலார் என்று அதற்குப் பெயர். மிலாறு என்றால் மெல்லிய குச்சி. எந்த வெப்பமும் தராத இந்தக் குச்சிகள் உறைபனியை எப்படித் தடுக்கும்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் இரவுகளில், நிலமும் இலையும் பகலில் வாங்கிய வெப்பத்தை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இலை, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. எங்கள் ஊரில் அது நீர்ப்பனியோடு நின்றுவிடும். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியில் இலைக்குள் இருக்கும் நீரே உறைந்து திசு சிதையும். மிலாறு, இலைக்கும் வானத்துக்கும் நடுவே நிற்கிறது. வெளியேறும் வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர்போலப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்கள் வெளுக்கும்போதும் பக்கத்துச் சரிவுகள் பல நாள் தப்பிவிடுகின்றன.

இந்தக் கணக்கில் ஒரு காலத்தில் மனித உயிர்களும் இருந்தன. ஆயா ‘கொயினா’ என்று முகம் சுளித்துச் சொல்லும் மாத்திரை, சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. முறைக்காய்ச்சலுக்கு அன்று இருந்த ஒரே நம்பகமான மருந்து. தென்னமெரிக்க மலைக்காடுகளிலிருந்து 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் கொண்டுவந்த செடிகள் கண்ணாடிப் பெட்டிகளில் பயணப்பட்டும் பிழைக்கவில்லை. செங்கடல் வெயில் அவற்றை வாட்டிவிட்டது. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்த சிவப்புப் பட்டை வகை 1861 ஏப்ரலில் ஊட்டிக்கு உயிரோடு வந்து சேர்ந்தது.

வெயிலுக்குத் தப்பியதை இனிக் குளிருக்குப் பறிகொடுக்கக் கூடாது. அந்தப் பொறுப்பு, கியூ தோட்டத்திலிருந்து 1848இல் ஊட்டிக்கு வந்து பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மெக்ஐவரிடம் வந்தது. நாற்றுகளை அவர் கண்ணாடி வீட்டுக்குள் பெருக்கினார். குளிர் தாங்கும் வகை தொட்டபெட்டா பக்கம் மரங்கள் சூழ்ந்த மறைவான சரிவுக்குப் போனது, மென்மையான சிவப்புப் பட்டை அதைவிடத் தாழ்ந்த நடுவட்டத்துக்கு. சரியான இடமும் ஒரு போர்வைதான். பட்டை உரித்த மரத்தைப் பாசியால் போர்த்திப் புதுப்பட்டை வளரவைக்கும் முறையும் மெக்ஐவருடையதே.

1892இல் வங்காளத்தில் அஞ்சலகங்கள் காலணாவுக்குக் கொயினாப் பொட்டலம் விற்கத் தொடங்கின. ஏழையின் கைக்கு எட்டும் விலைக்கு அது வந்ததற்குப் பின்னால், பிழைத்து வளர்ந்த நாற்றுகளும் இருந்தன.

மெக்ஐவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. நாற்றுக்கு நீர் விட்டவர்கள், பாசி சுற்றியவர்கள் பெயர்கள் இல்லை. நடுவட்டத் தோட்டத்தில் கைதிகளும் வேலை செய்தார்கள், அவர்களில் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன போர்வை கிடைத்ததோ!

இந்த மார்கழியில் ஊருக்குப் போனபோது துளசிக் குடிசையை நான்தான் கட்டினேன். வானத்தைப் பார்த்த பக்கத்தில் ஒரு கீற்றைக் கூடுதலாக வைத்தேன். ஆயா சுற்றிவந்து பார்த்துவிட்டு, “காலைல வெயில் வந்ததும் எடுத்துடு, செடி மூச்சு வுடணும்” என்றார்.