ஆளில்லாத குதிரை

பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுச் சுவரில், முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு வாழ்த்து அட்டை குத்தியிருக்கும். கொப்பரை வாங்க வரும் தவுக்கே சீனப் பெருநாளுக்குக் கொடுத்தது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு கறுப்புக் குதிரை, மேலே தங்க எழுத்தில் வாழ்த்து. குதிரை வந்தால் வெற்றி வந்த மாதிரி என்பது சீனர் வழக்கு.

பாட்டிக்கு மட்டும் அது பிடிக்காது. "குதிரை வருது, ஆளைக் காணோமே?" என்பார். அவர் பார்த்த குதிரையெல்லாம் தோட்டத்துக் கோயிலில் மதுரைவீரனைச் சுமந்து நிற்பவைதான்.

அது ஷு பெய்ஹோங்கின் குதிரை என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1895-இல் பிறந்தவர். பாரிசில் ஓவியம் படித்து, அந்த உடற்கூற்று அறிவைச் சீன மைத்தூரிகைக்குள் கொண்டுவந்தவர். ஜப்பான் சீனாவைத் தாக்கியபோது, போர் அகதிகளுக்கு நிதி திரட்ட 1939-இல் சிங்கப்பூர் வந்தார். நடுவில் தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதனில் தங்கினார். 1941-இல் கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று கண்காட்சி நடத்தினார். நம் பேராக்கிலும் அவர் படங்கள் சோற்றுக்கும் மருந்துக்கும் பணமாகியிருக்கின்றன.

அவருடைய பேர்போன 'பாயும் குதிரை'யை அந்த ஆண்டு பினாங்கில்தான் வரைந்தார். சாங்ஷாவில் இரண்டாவது முறையாகச் சண்டை மூண்டிருந்த நேரம். கவலையில் நெஞ்சு எரிவதாகப் படத்தின் ஓரத்திலேயே எழுதிவைத்தார். சேணம் இல்லை, கடிவாளம் இல்லை. வெற்றிக் களிப்பில் ஓடுகிற குதிரை இல்லை அது. ஊருக்கு என்ன ஆச்சோ என்று பதறி ஓடுகிற குதிரை.

எங்கள் வீட்டு அட்டையில் அந்த வரிகள் கிடையாது. பதற்றத்தை வெட்டிவிட்டுப் பாய்ச்சலை மட்டும் அச்சடித்திருந்தார்கள். வாழ்த்து அட்டையின் வேலையே அதுதான். பண்டிகை நாளில் துக்கத்தை யார் தபாலில் அனுப்புவார்கள்?

ஆனால் வரலாறு அப்படி வெட்டிவிடாது. 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டின் முதல் நாள். குதிரை ஆண்டின் பிறப்பு. அன்றைக்குத்தான் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. ஷு அதற்குச் சில வாரம் முன்புதான் கிளம்பிப் போயிருந்தார். அந்தக் குதிரை ஆண்டிலேயே சயாம் ரயில் பாதை வேலை தொடங்கியது. 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். எங்கள் தாத்தாவின் அண்ணனும் போனார். திரும்பவில்லை.

அவருக்குப் படம் இல்லை, கல்லறை இல்லை. வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சே எழாது. பாட்டி அந்தக் குதிரையைப் பார்த்துக் கேட்டது மட்டும் இருக்கிறது.

ஆளில்லாமல் குதிரை மட்டும் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று பாட்டிக்குத் தெரியும். ஷு பெய்ஹோங் யாரென்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும், அட்டையில் விடுபட்ட அந்த வரிகளை எங்கள் வீட்டில் படித்தவர் அவர் ஒருவர்தான்.