காரணிகன் யார்? கலோத்சவ மேடையும் மதிப்பெண்ணின் வரலாறும்

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் தொடர்க.

சவிட்டு நாடகச் சுவடிகளில் கலந்து கிடக்கும் தமிழை ஆராயும் பொருட்டு மட்டாஞ்சேரியில் தங்கியிருக்கிறேன். போர்த்துக்கீசியர் காலத்தில் கொச்சிக் கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்கரிடையே உருவான கூத்து அது. பலகை மேடையை அதிர மிதித்து ஆடுவதால் அப்பெயர். தமிழும் மலையாளமும் பிணைந்த நடையில் பாட்டுகள் அமைந்திருக்கும். தமிழகத்திலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவியே இதன் முதலாசிரியர் என்பது இங்குள்ள மரபு. ஈழத்து நாட்டுக்கூத்தை அறிந்தோர்க்கு ‘அண்ணாவி’ என்ற சொல்லே போதும், உறவு விளங்கிவிடும். பிராங்கியப் பேரரசன் சார்லமேனின் கதை இங்கே ‘காரல்மான் சரிதம்’ ஆகிப் பல இரவுகள் ஆடப்பட்டிருக்கிறது.

அண்மையில் ஒரு பள்ளிக் குழுவின் ஒத்திகையைக் காணச் சென்றிருந்தேன். காரல்மானாக வேடமேற்கும் சிறுவன் ஒரு சுவடைத் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்துவிட்டு, “ஆசானே, இதுக்கு மார்க் உண்டா?” என்று கேட்டான். ஆசான் மறுமொழி கூறவில்லை. அந்தச் சுவடு அன்றே நீக்கப்பட்டது. பல இரவுக் கூத்தைச் சில நிமிடங்களுக்குள் அடக்க வேண்டியிருக்கும்போது, மதிப்பெண் தராத அடிக்கு அதில் இடமேது? அன்றிரவு சுவடியைப் புரட்ட மனம் வரவில்லை. கேரளப் பள்ளிக் கலோத்சவத்தின் மதிப்பெண் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். அத்தேடலின் பயனே இப்பதிவு.

முதல் மாநிலக் கலோத்சவம் 1957 ஜனவரியில், இங்கிருந்து காயலைக் கடந்தால் வரும் எறணாகுளத்தில், எஸ்.ஆர்.வி. பள்ளியில் நடந்தது. டெல்லியில் நடந்த பல்கலைக்கழகங்களுக்கிடையிலான இளைஞர் விழாவைக் கண்டு வந்த கல்வித் துறை இயக்குநர் சி.எஸ். வெங்கடேஸ்வரன், பள்ளிப் பிள்ளைகளுக்கும் அப்படியொரு மேடை வேண்டும் என்று எண்ணியதன் விளைவு அது. மொழிவழி மாநிலமாகக் கேரளம் உருவாகி மூன்று மாதங்கூட ஆகியிருக்கவில்லை. திருவிதாங்கூர், கொச்சி, மலபார் என்று மூன்று ஆட்சிகளின் கீழ் வளர்ந்த பிள்ளைகள் ஒரே மேடையில் கூடினர். 1958இல் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவின் புகைப்படம் ஒன்று மலையாளிகள் அனைவருக்கும் மனப்பாடம்: போர்ட் கொச்சியில் பிறந்த யேசுதாஸ் பாட, பி. ஜெயச்சந்திரன் மிருதங்கம் வாசிக்கிறார். வாய்ப்பாட்டில் யேசுதாஸும் மிருதங்கத்தில் ஜெயச்சந்திரனும் முதற்பரிசு பெற்றனர். ஆசிரியர்களும் உள்ளூர் ரசிகர்களும் பொழுதுபோக்காகக் கேட்டு மகிழ்ந்த போட்டிகளின் காலம் என்று அதை வருணிப்போர் உண்டு. பழங்காலத்துக்கு இயல்பாகவே ஒட்டிக்கொள்ளும் பொன்முலாம் அதில் ஓரளவு இருக்கலாம்.

திருப்பம் 1986இல் நேர்ந்தது. டி.எம். ஜேக்கப் கல்வி அமைச்சராக இருந்தபோது, திருச்சூர் விழாவில் ‘கலாபிரதிபா’, ‘கலாதிலகம்’ என்னும் தனிநபர் பட்டங்கள் அறிமுகமாயின. பல போட்டிகளில் ஒருவர் ஈட்டும் புள்ளிகளைக் கூட்டி, மாணவருள் ஒருவருக்கும் மாணவியருள் ஒருவருக்கும் பட்டம் சூட்டினர். முதல் கலாபிரதிபா, பின்னாளில் நடிகரான வினீத். மஞ்சு வாரியர் 1992, 1995 ஆகிய இரு ஆண்டுகளில் கலாதிலகமானார். வெற்றி பெறும் மாவட்டத்துக்கு, கவிஞர் வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனோனின் யோசனைப்படி உருவான, 117 பவுனுக்கும் சற்று மேற்பட்ட பொற்கோப்பையும் அதே காலகட்டத்தில் வந்து சேர்ந்தது.

மாதவியின் அரங்கேற்றத்தில் அரசன் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அளித்ததைச் சிலப்பதிகாரத்தில் படித்திருக்கிறோம். கலைக்குப் பொன்னும் பட்டமும் நம் மரபுக்குப் புதியவையல்ல. ஆனால் மாதவிக்கு எதிராக மேடையில் வேறொருத்தி இல்லை. பட்டத்தைக் கூட்டுத்தொகையால் தீர்மானிக்கத் தொடங்கியதும் நிலைமை வேறாயிற்று. பட்டம் வெல்ல விரும்பும் சிறுமி பரதநாட்டியம், மோகினியாட்டம், குச்சிப்புடி, நாடோடி நடனம் என எல்லாவற்றிலும் இறங்கியாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர், தனி உடை, தனி அணிகலன், ஒப்பனை. திரைப்பட இயக்குநர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பும் பெற்றோரை உந்தியது. ஒரு நடுவரின் அரை மதிப்பெண்ணில் ஒரு குடும்பத்தின் கடன் தொங்கியது. பட்டம் கைநழுவிய சிறுமியர் அழும் படங்கள் ஆண்டுதோறும் நாளிதழ்களின் முதற்பக்கத்தை நிறைத்தன.

அடுத்துப் போட்டி மேடையிலிருந்து இறங்கி நீதிமன்றம் ஏறியது. மாவட்ட அளவில் முதலிடம் பெற்றவரே மாநிலத்துக்குச் செல்லலாம் என்பது விதி. இரண்டாமிடம் பெற்றவர் கட்டணம் செலுத்தி மேல்முறையீட்டுக் குழுவை நாடலாம். குழு மறுத்தால் முன்சீஃப் நீதிமன்றம், உயர் நீதிமன்றம், லோகாயுக்தா, குழந்தைகள் உரிமை ஆணையம் என்று கதவுகள் நீண்டன. இதற்கு ‘அப்பீல்’ என்ற ஆங்கிலச் சொல்லே வழங்குகிறது. இங்குள்ள பாட்டிமார்கூட அதை மலையாளச் சொல்லாகவே ஆள்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்குப்படி பதினான்கு பேர் ஆட வேண்டிய மேடையில் அப்பீல் வழியே வந்தோரும் சேர்ந்துகொள்ள, மாலையில் தொடங்க வேண்டிய போட்டிகள் நள்ளிரவைக் கடந்தன. முகப்பூச்சு கலையாமல் நாற்காலியிலேயே உறங்கும் குழந்தைகளைக் கலோத்சவத்துக்குச் சென்றோர் யாவரும் கண்டிருப்பர்.

இச்சிக்கல் கேரளத்துக்கே உரியது என்று எண்ணிவிடலாகாது. கலையும் மதிப்பெண்ணும் இதே விதமாக மோதிக்கொண்ட மற்றொரு மேடை பனிச்சறுக்கு நடனம். அங்கே பட்டறிவு நம்முடையதைவிடத் துல்லியமாகப் பதிவாகியிருப்பதால் அதைச் சற்று விரித்துரைக்கிறேன்.

2002 பிப்ரவரி 11 அன்று, அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் குளிர்கால ஒலிம்பிக்கின் இணையர் பிரிவு இறுதிச் சுற்று. ரஷ்யாவின் பெரெஷ்னயா–சிகருலிட்ஸே இணையில் ஆடவர் ஒரு தாவலுக்குப்பின் தடுமாறினார். கனடாவின் சலே–பெல்லட்டியே இணை பிழையின்றி ஆடியது. ஆயினும் ஒன்பது நடுவரில் ஐவர் ரஷ்யரை முதலிடத்தில் வைத்தனர். பிரெஞ்சு நடுவர் மரீ-ரேன் லெ கூன், தம் நாட்டுச் சம்மேளனத்தின் நெருக்கடிக்கு உட்பட்டே அவ்வாறு வாக்களித்ததாகக் கூறினார் என்ற செய்தி வெடித்தது. வேறொரு பிரிவில் பிரெஞ்சு இணைக்கு ரஷ்ய ஆதரவு, இதற்குக் கைம்மாறு என்பது குற்றச்சாட்டு. பின்னர் அவர் தம் கூற்றை மறுத்தார். அவருக்கும் பிரெஞ்சுச் சம்மேளனத் தலைவருக்கும் மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது. சில நாள்களில் கனடா இணைக்கும் ஒரு தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. நம் ஊர் மொழியில் சொல்வதாயின், அப்பீல் அனுமதிக்கப்பட்டது.

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் இதற்குக் கண்ட மருந்துதான் என் ஆர்வத்தைத் தூண்டியது. பழைய முறையின் உச்ச மதிப்பெண் 6.0. அந்த எண், ஆட்டக்காரரை வரிசைப்படுத்துவதற்கான கருவி மட்டுமே. 2004இல் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படைப் புள்ளி வகுத்து, நடுவரின் பணியைக் கூட்டல் கழித்தலாகச் சுருக்கினர். அத்துடன் எந்த நடுவர் எந்த மதிப்பெண்ணை வழங்கினார் என்பதையும் மறைத்தனர். பெயர் தெரியாவிடில் சம்மேளனத்தால் நடுவரை மிரட்ட இயலாது என்பது வாதம். மக்களாலும் அவரைக் கேள்வி கேட்க இயலாது என்பதை அவர்கள் எண்ணவில்லை. அல்லது எண்ணியே செய்தனர். 2014இல் சோச்சியில் தென்கொரியாவின் யூனா கிம் தங்கத்தை இழந்தபோது, ஐயத்தோடு எழுந்த இலட்சக்கணக்கானோருக்கு விடை சொல்ல ஒரு பெயரும் இல்லை. 2016இல் அந்தத் திரையை அவர்களே விலக்கினர்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கேரளமும் தன் கணக்கை மாற்றியது. 2006இல் கலோத்சவம் மீண்டும் எறணாகுளம் வந்தபோது கலாதிலகமும் கலாபிரதிபாவும் இல்லை. தரமதிப்பீடு வந்தது: ‘ஏ’ தரத்துக்கு ஐந்து புள்ளி, ‘பி’ தரத்துக்கு மூன்று புள்ளி, ‘சி’ தரத்துக்கு ஒரு புள்ளி. ஒருவரோடு ஒருவரை ஒப்பிடாமல், ஒவ்வொருவரையும் கலையின் அளவுகோலோடு மட்டும் ஒப்பிடுவது என்ற கொள்கை சிறந்ததே. அழுகைப் படங்கள் குறைந்தன என்பதையும் மறுக்க இயலாது.

ஆயினும் பகை தீரவில்லை, இடம் மாறியது. ‘ஏ’ தரம் பெற்றால் பொதுத்தேர்வில் கிரேஸ் மார்க் உண்டு. எனவே முன்னர்த் திரைத்துறையை நோக்கியிருந்த பெற்றோரின் பார்வை இப்போது கல்லூரிச் சேர்க்கையை நோக்கியது. மாநில மேடையில் ஆடியோரில் பெரும்பாலோர் ‘ஏ’ பெறத் தொடங்கியதும், மாநில மேடையை எட்டுவதே பரிசாயிற்று. வழக்குகள் மாவட்ட அளவில் குவிந்தன. 2018இல் திருச்சூர் விழாவின்போது, குழந்தைகள் உரிமை ஆணையத்தின் பெயரில் போலி அப்பீல் ஆணைகள் தயாரிக்கப்பட்டது அம்பலமாகிக் குற்றப்பிரிவு விசாரணை வரை சென்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஆலப்புழை விழாவில், கவிதைத் திருட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளான எழுத்தாளர் ஒருவர் கட்டுரைப் போட்டிக்கு நடுவராக வந்ததால் எதிர்ப்பு எழுந்தது. கட்டுரைகள் மறுமதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டன.

2024 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பல்கலைக்கழகக் கலோத்சவம் (இது பள்ளி விழா அன்று; ஆனால் நோய் ஒன்றே) பாதியில் நிறுத்தப்பட்டது. மார்க்கம் களிப் போட்டியில் கையூட்டுப் பெற்றதாக நடுவர் ஒருவர் மீது வழக்குப் பதிவாயிற்று. சில நாள்களில் அவர் கண்ணூரிலுள்ள தம் வீட்டில் இறந்துகிடந்தார். தாம் குற்றமற்றவர் என்று எழுதி வைத்திருந்தார். அவர் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. அவர் குற்றமுடையவரா இல்லையா என்பது விசாரித்துத் தீர்க்கப்பட வேண்டியதாக இருந்தது. அதற்கு முன்னரே அரங்கம் தீர்ப்புக் கூறிவிட்டது.

நடுவரின் நேர்மை பற்றிப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சவிட்டு நாடகம் கலோத்சவப் பட்டியலில் சேர்ந்து பத்தாண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதன் அடவுகளையும் பாட்டையும் அறிந்து மதிப்பிடத்தக்கவர் எத்தனை பேர்? கோதுருத்திலும் கொச்சிக் கடலோரத்திலுமாகச் சில குடும்பங்கள். அவர்களே பள்ளிகளில் பயிற்றுவிக்கின்றனர். பயிற்றுவிப்போரை விலக்கினால், எஞ்சியவர் கலையறியாதவர். விலக்காவிட்டால், மேடையில் ஆடுவது நடுவரின் மாணவனோ, மைத்துனனின் மாணவனோ. மார்க்கம் களிக்கும் பரிசமுட்டுக்கும் இதே கதிதான். பனிச்சறுக்கிலும் நடுவரை முன்மொழிவது நாட்டுச் சம்மேளனமே; அவர் தம் நாட்டவர்க்கே மதிப்பெண் இடுகிறார். கலை அறிந்தோரின் வட்டம் சிறிதாகையில், நடுநிலை என்பது உறவுக்காரர்களிடையே தேடவேண்டிய பொருளாகிவிடுகிறது. தசமத்துக்குப் பின்னுள்ள இலக்கங்களைக் கூட்டுவதால் அவ்வட்டம் விரிவதில்லை.

இறையனார் அகப்பொருள் உரையில் வரும் கதையைத் தமிழ் மாணவர் அறிவர். சங்கப் புலவர் ஒவ்வொருவரும் நூலுக்கு உரை வகுத்துவிட்டுத் தம்முரையே சிறந்தது என்று கலகமிட, ‘காரணிகன்’ ஒருவனைத் தரும்படி இறைவனை வேண்டினர். அகப்பட்டவன் உருத்திரசன்மன், ஐந்து வயதுப் பிள்ளை, வாய் பேசாதவன். ஒவ்வொருவராக உரை வாசித்தனர். மருதன் இளநாகனாரின் உரைக்கு ஆங்காங்கே கண்ணீர் வார்ந்து மெய் சிலிர்த்தது. நக்கீரரின் உரைக்குச் சொல்தோறும் அவ்வாறு ஆயிற்று. அதுவே தீர்ப்பு. புலவருள் யாருக்கும் மாணவனாகவோ மைத்துனனாகவோ இராத ஒருவனைத்தான் நம் முன்னோரின் கற்பனையும் தேட வேண்டியிருந்தது. இவ்வளவு புலமை நிறைந்த அவையில் அப்படி ஒருவனும் இல்லை என்பதை அக்கதை எவ்வளவு இயல்பாக ஒப்புக்கொள்கிறது பாருங்கள்.

அப்பிள்ளைக்கு உணர்வைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. நம் நடுவரின் கையிலோ உடைக்கு இத்தனை, தாளத்துக்கு இத்தனை, ஒத்திசைவுக்கு இத்தனை என்று பிரித்த தாள். அந்தத் தாளே இப்போது ஆசானுக்குப் பாடத்திட்டமாகியிருக்கிறது. நான் கேட்ட பழைய ஆட்டக்காரர் ஒருவர், தம் இளமையில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மிதிப்பு இருந்தது என்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எவ்வூர்ப் பலகை அதிர்கிறது என்று கூறலாமாம். இப்போதைய குழுக்கள் அனைத்தும் ஒரே மிதிப்பில் ஆடுகின்றன, சென்ற ஆண்டு ‘ஏ’ பெற்ற மிதிப்பில்.

ஒத்திகை முடிந்து புறப்படும்போது, அந்தக் குழுவின் பொறுப்பாளர் வரவு செலவுப் பட்டியலைக் காட்டினார். காரல்மானின் கிரீடம், வெல்வெட் அங்கி, பலகை வாடகை, வண்டி வாடகை, ஒப்பனை. இவற்றுக்கெல்லாம் மேலே முதல் வரியில் அப்பீல் கட்டணம். மற்றவற்றுக்கு இன்னும் வசூல் நடக்கிறது. முதல் வரிக்கு உரிய தொகை மட்டும் தனி உறையில் ஏற்கெனவே இருக்கிறது.